பனியில் இனிப்பு செய்யலாமா? விடுமுறைக்குக் கிளம்பும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு

நவம்பர் பிறந்தால் போதும், என் கைப்பேசிக்குக் குரல் செய்திகள் வரத் தொடங்கிவிடும். தங்கை, தங்கையின் தோழிகள், பக்கத்து புளோக் அக்கா, எல்லோரும் டிசம்பர் விடுமுறைக்கு எங்காவது குளிர்நாட்டுக்குப் போகிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ, கொரியா, சுவிட்சர்லாந்து, காஷ்மீர். பிள்ளைகள் முதல்முறையாகப் பனியைப் பார்க்கிறார்கள். பார்த்த அடுத்த நிமிடமே வாயில் போடுகிறார்கள். "அக்கா, இதைச் சாப்பிடலாமா? இதில் ஐஸ்கிரீம் செய்யலாம் என்கிறார்களே, நிஜமா?" உணவுப் பாதுகாப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் பனி என்றால் புல்லில் நிற்கும் துளியும் பனிதான், மார்கழி மூட்டமும் பனிதான். இந்தப் பக்கத்தில் பனி என்று நான் சொல்வது வானத்திலிருந்து வெள்ளைத் துகளாக விழும் பனியை மட்டும்.

சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சாப்பிடலாம். ஆனால் அது இப்போதுதான் விழுந்ததாக இருக்க வேண்டும், சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், வண்டி ஓடும் சாலையை விட்டு விலகிய இடத்தில் உங்கள் பாத்திரத்தில் நீங்களே பிடித்ததாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், நல்ல உடல்நிலையில் உள்ளவர் ஆசைக்கு ஒரு கிண்ணம் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கைநிறைய அள்ளி விளையாடட்டும், வாய்க்கு வேண்டாம்.

வானத்திலிருந்து நேராக விழுவது சுத்தமாகத்தானே இருக்கும்?

நம் பாட்டிமார் மழைத்தண்ணீர் பிடித்த விதத்தை நினைத்துப் பாருங்கள். மழை தொடங்கியதும் அண்டாவைத் தூக்கி முற்றத்தில் வைக்க மாட்டார்கள். முதலில் பெய்வது ஓட்டையும் காற்றையும் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் வைப்பார்கள். பனியும் மழை மாதிரி மேகத்திலிருந்து காற்றைக் கடந்துதான் வருகிறது. அதே கணக்கு இதற்கும் பொருந்தும்.

பனித்துகள் வெறுமனே தண்ணீரில் உருவாவதில்லை. மேகத்தில் அது உறைய ஒரு பிடிமானம் வேண்டும். பெரும்பாலும் ஒரு தூசித் துணுக்கைச் சுற்றித்தான் படிகம் வளர ஆரம்பிக்கிறது. சில சமயம் அந்தத் துணுக்கு ஒரு பாக்டீரியாவாகவே இருக்கும். உலகின் பல இடங்களில் எடுத்த புதுப் பனியில் இப்படிப்பட்ட உயிர்த்துகள்கள் இருப்பதை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். அவற்றில் பேர்பெற்ற சூடோமோனாஸ் சிரிஞ்சே என்பது செடிகளைத் தாக்கும் பாக்டீரியா, நாம் கழுவாமல் கடிக்கும் கொய்யாப் பழத்திலும் அதன் உறவுக்காரர்கள் இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. பனித்துகள் கிளைகிளையாக விரிந்த வலை மாதிரி இருப்பதால், மெதுவாக மிதந்து இறங்கும்போது வழியில் உள்ள கரியையும் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் பெய்ய ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரப் பனியை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு விழுவதில் அழுக்கு குறைவாக இருக்கும்.

எந்த இடத்தில் பிடிப்பது?

நகரத்தில் வேண்டாம். மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூடிய அறை ஒன்றில் பனியை வைத்து, கார் புகையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஒரே மணி நேரத்தில் புகையில் உள்ள பென்சீன் வகை நச்சுகள் பனிக்குள் போயிருந்தன. 2016இல் வந்த ஆய்வு அது. ஆகவே சோல் தெருவோரம், சப்போரோ கடைவீதி, மணாலியில் டாக்சிகள் வரிசை கட்டி நிற்கும் இடம், இவையெல்லாம் படம் எடுக்க மட்டும். புகைமூட்டக் காலத்தில் நாம் பிஎஸ்ஐ அளவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விடுவதில்லையா, அதே மாதிரி அந்த ஊரின் காற்றுத் தர அளவை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமப்புறத்தில், மலையடிவாரத்தில் தங்கும் வீடு எடுத்திருந்தால் நல்ல வாய்ப்பு. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெட்டவெளியில் ஒரு மேசை மேல் வையுங்கள். கூரை விளிம்புக்கும் மரத்துக்கும் அடியில் வைக்காதீர்கள். அங்கிருந்து பறவை எச்சம், பாசி எல்லாம் சேர்ந்து விழும். கணப்பு அடுப்பின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு வேண்டாம், தரையில் கிடப்பதையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு வந்து பாத்திரத்தில் போடும்.

நாங்கள் முதல்முறை போனபோது இவ்வளவும் தெரிந்திருந்தும் அவசரப்பட்டேன். பிள்ளைகள் கத்தினார்கள் என்று கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டேன். பார்க்கப் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. மிச்சத்தைக் கண்ணாடித் தம்ளரில் வைத்திருந்தோம். உருகிய பிறகு தம்ளரின் அடியில் கரிக்கோடு ஒன்று வளையமாக நின்றது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதல் கிண்ணத்தை உருக்கிப் பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. தெளிவாக இருந்தால் எல்லாமே சுத்தம் என்று அர்த்தமில்லை, ஆனால் கலங்கலாக இருந்தால் நிச்சயம் வேண்டாம்.

தரையில் ஓரடி உயரத்துக்குக் கிடக்கிறதே, மேலே உள்ளதை வழித்து எடுத்தால் என்ன?

ஹொக்கைடோ போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே செந்நரிகள் அதிகம். அவற்றின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு இருக்கும். அதன் முட்டைகள் நரியின் மலத்தோடு வெளியே வரும். மனித உடலுக்குள் போனால் பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் ஈரலில் வளரும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், நரியைத் தொடாதீர்கள் என்று அங்கே உள்ளவர்களே எச்சரிப்பது இதனால்தான். குளிரில் செத்துவிடும் என்று நினைக்கிறோம். வீட்டு ஃபிரீசரின் குளிர்கூட அந்த முட்டையை ஒன்றும் செய்வதில்லை, கொதிக்கும் சூடுதான் அழிக்கும். மத்திய ஐரோப்பாவின் மலைப்பகுதிகளிலும் இந்தப் புழு உண்டு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அபூர்வமாக வரும் நோய்தான். ஆனால் தவிர்ப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்: தரையில் கிடப்பதைத் தொடாமல் பாத்திரத்தில் விழுவதை மட்டும் எடுத்தால், நரி, நாய், காலணி, சாலை உப்பு எல்லாக் கவலையும் ஒன்றாகப் போய்விடும்.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

வேண்டாம் என்று முடிவு செய்ய நிறம் உதவும். மஞ்சள் என்றால் விலங்கின் சிறுநீர். சாம்பல், கறுப்பு என்றால் கரியும் சாலை அழுக்கும். உயர்ந்த மலைகளில் கோடையிலும் கிடக்கும் பழைய பனி சில இடங்களில் இளஞ்சிவப்பாக இருக்கும், தர்பூசணிச் சாறு ஊற்றியது போல. அது ஒரு வகைப் பாசி. அதைச் சாப்பிட வேண்டாம். வெள்ளையாக இருப்பதால் மட்டும் நல்லது என்று ஆகாது; என் தம்ளர் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

பனிச்சறுக்கு மையத்தில் உள்ள பனி?

வேண்டாம். இயற்கையாகப் பெய்வது போதாதபோது, பல மையங்களில் குளத்துத் தண்ணீரை இயந்திரத்தால் பீய்ச்சி அடித்துப் பனி செய்கிறார்கள். உறைவதற்கு உதவியாகச் சேர்க்கைப் பொருளும் கலப்பது உண்டு. குடிப்பதற்காகச் செய்த தண்ணீர் இல்லை அது. ஜூரோங் ஈஸ்ட்டில் 2000இல் திறந்த ஸ்னோ சிட்டி போன்ற உள்ளரங்குப் பனிக்கும் இதே பதில். ஆயிரம் பேர் பூட்ஸ் மிதித்த இடம், விளையாடிவிட்டுக் கை கழுவுங்கள்.

சரி, பாத்திரம் நிறையப் பிடித்துவிட்டோம். எப்படிச் செய்வது?

அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் பனிக் கிரீம்தான் மிகச் சுலபம். புதுப் பனி, டின் பால் (சர்க்கரை சேர்த்த கெட்டிப் பால்), கொஞ்சம் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அள்ளி உருக்கினால் ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர்தான் கிடைக்கும். அதனால் ஒரு முழு டின் பாலைக் கவிழ்த்தால் பனி காணாமல் போய் வெறும் பால் பாயசம் மிஞ்சும். இரண்டு லிட்டர் பனிக்கு அரை டின்னில் ஆரம்பியுங்கள். நூலாக ஊற்றி, மடித்து மடித்துக் கலக்குங்கள். போதாவிட்டால் அப்புறம் சேர்க்கலாம்.

பாத்திரம், கரண்டி, டின் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிர விடுங்கள். அறைச் சூட்டில் உள்ள பால் பட்டதும் பனி அமுங்கிவிடும். பனியை உள்ளே கொண்டு வருவது கடைசி வேலையாக இருக்கட்டும். எல்லோரும் கிண்ணத்தோடு உட்கார்ந்த பிறகு கலக்குங்கள். பத்து நிமிடம் வைத்தால் கஞ்சி.

பாலை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பல நாடுகளில் பால்பொருளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜப்பானில் பல்பொருள் அங்காடியில் பற்பசைக் குழாய் மாதிரிக் குழாயிலேயே டின் பால் விற்கிறது, பிழிந்து ஊற்ற அதுதான் வசதி.

நம் சுவைக்கு நான் செய்து, வீட்டில் எல்லோரும் மறுபடி கேட்டது இரண்டு. ஒன்று, டின் பாலோடு ரோஸ் சிரப் சேர்த்தது. கலக்கும்போதே இளஞ்சிவப்பாக மாறும், சாப்பிட்டால் அப்படியே பண்டுங். இன்னொன்று குலா மலாக்கா. 100 கிராம் கட்டியை உடைத்து, கால் தம்ளர் தண்ணீரும் ஒரு பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். கருப்பட்டியிலும் செய்யலாம். ஜப்பானில் குரோமிட்சு என்று கருஞ்சர்க்கரைப் பாகு கிடைக்கும். கருப்பட்டிப் பாகின் ஒன்றுவிட்ட தங்கை போல இருக்கும், கட்டி கொண்டு போகாதவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களில் இப்படிச் சாப்பிடுகிறார்களா, அல்லது இணையத்தில் கிளம்பிய புதுப் பழக்கமா?

மிகப் பழையது. ஈரானில் பனியின் மேல் திராட்சைப் பாகு ஊற்றிச் சாப்பிடுவார்கள், பர்ஃப் ஓ ஷீரே என்று பெயர். இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் ஷிருபெத்தா என்று ஒன்று, காய்ச்சிய திராட்சைச் சாறோ அத்திப்பழப் பாகோ சேர்த்தது. பனி பெய்யும் ஊரில் எல்லாம் யாரோ ஒரு பாட்டி இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது கனடாவின் கியூபெக் வழக்கம். மேப்பிள் மரச்சாற்றுப் பாகை 112 முதல் 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அழுத்திச் சமன் செய்த பனியின் மேல் கோடு கோடாக ஊற்றுவார்கள். சில நொடியில் இறுகும்போது குச்சியால் சுருட்டி எடுத்தால் இழுவை மிட்டாய். வெப்பமானி இல்லையென்றால் கவலை வேண்டாம். அதிரசத்துக்குப் பாகு பார்த்தவர்களுக்கு இந்தப் பதம் தெரியும்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெதுவாக உருண்டு வர வேண்டும். குலா மலாக்காவிலும் செய்யலாம். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கொதிக்க ஆரம்பித்த பிறகு கிளறாமல் விட்டால் பூத்துப்போகாது. ஊற்றும் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும், கொதிநீரை விட மோசமான காயம்.

சில செய்முறையில் பச்சை முட்டை சேர்க்கச் சொல்கிறார்களே?

சேர்க்காதீர்கள். சால்மோனெல்லா குளிரில் சாகாது, உறங்கும். டின் பாலிலேயே வேண்டிய கெட்டித்தன்மை இருக்கிறது. தேன் ஊற்றுவதானால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது.

உருக்கிக் கொதிக்க வைத்துவிட்டால் எந்தப் பனியும் சுத்தமாகிவிடும் அல்லவா?

கிருமி போகும், புழு முட்டை போகும். கார் புகையில் வந்த கரியும் சாலை உப்பும் போகாது. கொதிக்க வைத்த பிறகு அது பனியாகவும் இருக்காது, அப்புறம் எதற்கு?

யார் சாப்பிடாமல் இருப்பது நல்லது?

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் டின் பாலின் அளவை நினைவில் வையுங்கள், அரை டின் என்பது சின்ன அளவு இல்லை.

மலையேறும்போது தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்பதும் தவறு. அதை உருக்க உடம்பு தன் சூட்டைச் செலவழிக்கிறது, கிடைக்கும் தண்ணீரோ கொஞ்சம். தெர்மாஸில் வெந்நீர் கொண்டு போங்கள்.

மகன் பனியை டப்பாவில் சிங்கப்பூருக்குக் கொண்டு வர வேண்டும் என்று அழுகிறான்.

என் மருமகனும் அழுதான். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் அது தண்ணீர்க் கணக்குதான், 100 மில்லி விதி வந்துவிடும். நல்ல தெர்மாஸில் போட்டுப் பெரிய பெட்டியில் வைத்தாலும், வந்து திறக்கும்போது தண்ணீரோ ஒரு கட்டியோதான் இருக்கும். பனித்துகள்கள் உருகாமல் இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், அதன் இயல்பு அப்படி. கறுப்புக் கையுறையில் விழும் துகளைக் கைப்பேசியில் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு கைகளும் தெரியும். அது உருகாது.

சிங்கப்பூரில் என்றாவது பனி விழுமா?

இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி, 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில். ஆனால் 2013 ஜூன் 25 அன்று தீவின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி விழுந்தது, நினைவிருக்கும். அப்போதும் சிலர் பொறுக்கி வாயில் போட்டார்கள். ஆலங்கட்டி நேராகப் புல்லிலும் கார் மேலும் விழுந்து கிடப்பது, அதைச் சாப்பிட வேண்டாம்.

எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே பனி மாதிரி இனிப்பு செய்ய வழி உண்டா?

உண்டு, இதில் அந்தப் பாதுகாப்புக் கவலையே இல்லை. அரை லிட்டர் பாலில் 100 கிராம் டின் பாலைக் கலந்து, ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஃபிரீசரில் தட்டையாகப் படுக்க வையுங்கள். மறுநாள் பையோடு மேசையில் தட்டி உடைத்து, முள்கரண்டியால் சுரண்டினால் பூப்பூவாக வரும். கொரியாவின் பிங்சு இந்த முறைதான். வெறும் தண்ணீர் ஐஸ் கடினமாக இருக்கும். பாலில் கொழுப்பும் சர்க்கரையும் இருப்பதால் படிகம் சின்னதாக, மெத்தென்று இருக்கும். மேலே வேகவைத்த சிவப்பு பீன்ஸ், அத்தாப் சீ, சோளம் போட்டால் ஐஸ் கச்சாங்.

பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இன்னொன்று. சின்ன ஜிப் பையில் பால், சர்க்கரை. அதைப் பெரிய பையில் ஐஸ் கட்டியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு நடுவில் வைத்துப் பத்து நிமிடம் குலுக்குங்கள். உப்பு ஐஸின் உறைநிலையைப் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறக்கிவிடும், உள்ளே உள்ள பால் கண்ணெதிரே கெட்டியாகும். துண்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், வெறுங்கையில் தோல் வெந்தது போலாகும்.

இந்த ஊரில் ஐஸுக்கே ஒரு கதை உண்டு. 1854இல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு நடத்தினார். அமெரிக்காவில் உறைந்த ஏரிநீரைக் கப்பலில் இறக்கி விற்றார்கள். சென்னையில் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறோமே, 1842இல் கட்டிய அந்தக் கட்டடமும் அமெரிக்க ஐஸுக்காகத்தான். ஆக, நம்மவர்கள் அந்நிய ஊர்க் குளிரை வாயில் வைத்துப் பார்ப்பது இன்று தொடங்கியது இல்லை.

என் அம்மாவுக்குப் பனி என்றால் பள்ளி வாசலில் விற்ற ஐஸ் உருண்டைதான். சீவிய ஐஸை வெறுங்கையால் பந்தாக அழுத்தி, நடுவில் கொஞ்சம் சிவப்பு பீன்ஸ் வைத்து, மேலே சிவப்பும் பச்சையுமாகச் சிரப் ஊற்றித் தருவார்கள். உருகுவதற்குள் உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு நடக்க வேண்டும். போன டிசம்பரில் ஹொக்கைடோவில் அம்மாவிடம் புதுப் பனி நிறைந்த கிண்ணத்தையும் குலா மலாக்காப் பாகையும் கொடுத்தேன். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, பனியைப் பந்தாக உருட்ட ஆரம்பித்துவிட்டார்.